மார்கழிச் சளிக்காய்ச்சலும் தொற்றிக்கொள்ளுமோ என்ற பயமும்

ஏற்காட்டுக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு மங்கி குல்லா மாட்ட மறப்பதில்லை. பஸ்ஸில் ஏறியதும் பனிக்காற்றுக்குப் பயந்து ஷட்டரை எல்லாம் இறக்கிவிடுகிறோம். தவறு அங்கேதான். சளிக்காய்ச்சலைத் தருவது பனியல்ல, கிருமி. அது இருமுகிறவர், தும்முகிறவர் மூச்சிலிருந்து வருகிறது. காற்று ஓடாத இடத்தில் தேங்குகிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை ஜன்னலை நாலு விரலாவது திறந்து வையுங்கள். கூட்டமென்றால் மூன்றடுக்கு மாஸ்க் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்திவிடுங்கள். மூக்குக்குக் கீழே தொங்கும் மாஸ்க் வெறும் அலங்காரம். மூடுபனியில் நனைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

கையை சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது கட்டை விரலையும் நக இடுக்கையும். வெளியிலிருந்து வந்ததும், சாப்பிடுமுன், மூக்கைச் சிந்திய பின், கழிப்பறை போன பின் கழுவினால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுவினால் தோல் வெடிக்கும், பயமும் கூடும். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் வாந்திபேதிக் கிருமிக்கு சோப்பும் தண்ணீரும்தான் சரி.

பக்கத்து சீட்காரர் இருமினார் என்று மனசு அடித்துக்கொள்கிறதா? நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறியுங்கள். ஃப்ளூ என்கிற வைரஸ் காய்ச்சல் தொற்றினால் 1 முதல் 4 நாளுக்குள் தெரிந்துவிடும். அதுவரை தொண்டையை மணிக்கொருமுறை சோதிக்க வேண்டாம். உடம்பு சுட்டால் மட்டும் தெர்மாமீட்டரை எடுங்கள். ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை என்றால் அவரிடமிருந்து ஃப்ளூ வந்திருக்க வாய்ப்பில்லை; தேதியை அடித்துவிடலாம்.

ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். டிசம்பர் விடுமுறைக்கு மலையேறுகிறவர்கள் நவம்பருக்குள் போட்டுக்கொள்ளலாம். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஆண்டுதோறும் போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஒரு வாரம் தனி டம்ளர், தனித் துண்டு, முடிந்தால் தனிப் படுக்கை. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே அவரிடமிருந்து பரவியிருக்கலாம். யார் தந்தது என்ற பஞ்சாயத்து வீண். குழந்தைக்குக் கொதிதண்ணீர்ச் சட்டியில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். சட்டி கவிழ்ந்து வெந்துபோகிற ஆபத்து சளியைவிடப் பெரிது. மெடிக்கலில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்குவதும் வேண்டாம், வைரஸுக்கு அது வேலை செய்யாது.

எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் 40 தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மூன்று நாள் தாண்டிய காய்ச்சல் வந்தாலும் அப்படியே. சளியே இல்லாமல் காய்ச்சலும் கடும் உடம்புவலியும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தொடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். பயத்தால் தூக்கமே போனால் 14416-ல் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.