ஈறு நோய்க்கு லேசரும் செய்யலாம் என்றால் என்ன கேட்க வேண்டும்?

திருப்பூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, "பல்லு விளக்குனா ரத்தம் வருதுங்க" என்று பல் மருத்துவரிடம் போய் உட்காருகிறவரிடம், பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங்குடன் லேசரும் செய்துகொள்ளலாம் என்று சொல்லப்பட்டால், உடனே தலையாட்டவும் வேண்டாம், மிரண்டு எழுந்து வரவும் வேண்டாம். முதலில் ஈறுப் பைகளின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்குகளின்) ஆழத்தை அளந்து எழுதிய தாளைக் கேளுங்கள்.

மில்லிமீட்டர் கோடுகள் உள்ள, நுனி மழுங்கிய மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் 6 இடங்களில் மருத்துவர் அளப்பார். "மூன்று, இரண்டு, ஆறு" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுவது உங்கள் காதிலும் விழும். 3 மி.மீ. வரை இயல்பு, 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து ரத்தமும் கசிந்தால், அங்கே வேலை இருக்கிறது. எலும்பு எவ்வளவு கரைந்துள்ளது என்பதை எக்ஸ்ரே காட்டும். அளக்காமலேயே லேசருக்கு விலை சொல்லப்படும் இடத்தில் நான் பணம் கட்டமாட்டேன்.

அடுத்து, எந்த லேசர் என்று கேளுங்கள். பரவலாகப் பயன்படும் டயோடு லேசர் (ஒளியின் அலைநீளம் சுமார் 810 முதல் 980 நானோமீட்டர்) ஈறுப் பையின் உட்புறத்து நோயுற்ற திசுவையும் கிருமிகளையும் வெப்பத்தால் அழிக்குமே தவிர, வேரில் கல்லாக இறுகிய காரையைப் பெயர்க்காது. 2940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசர் காரையையும் பெயர்க்கக்கூடியது. எதுவானாலும், மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் கருவியாலும் கைக்கருவியாலும் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்வதே அடிப்படைச் சிகிச்சை. அதற்குத் துணையாக லேசர் சேர்க்க வேண்டியதில்லை என்பதே ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதலின் பரிந்துரை. எனவே கையில் பணம் குறைவாக இருந்தால் லேசரை விட்டுவிடலாம். சுத்தம் செய்வதை விடக்கூடாது.

செய்துகொள்வதென முடிவெடுத்தால், சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம், புகையிலைப் பழக்கம் எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். லேசர் எரியும்போது உங்களுக்கும் மருத்துவருக்கும் உதவியாளருக்கும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி இருக்க வேண்டும்; சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது.

சில நாள் பல் கூசும். வீக்கம் வடிந்து ஈறு இறங்குவதால் பல் நீண்டது போலத் தோன்றும். காரை பிடித்து வைத்திருந்த பல் லேசாக ஆடவும் கூடும். "கிளீன் பண்ணுனாப் பல்லு ஆடிப்போகும்" என்ற ஊர்ப் பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது. பல்லை ஆட வைத்தது எலும்பைக் கரைத்த நோய். காரை அதை மூடி மறைத்திருந்தது, அவ்வளவே. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள், மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் விளக்குங்கள், சந்துகளுக்குச் சிறு பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையை நிறுத்தாவிட்டால் எந்தச் சிகிச்சையும் முழுதாகப் பலிக்காது.

ஏறத்தாழ 3 மாதத்தில் மறுபடி அளக்கச் சொல்லி, பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6 இருந்த இடத்தில் 4 ஆகி ரத்தமும் நின்றிருந்தால் நல்லது. அதே 6 நின்று ரத்தமும் கசிந்தால், இன்னொரு முறை லேசர் வேண்டுமா என்று கேட்பதைவிட, அந்தப் பல்லுக்கு மட்டும் ஈறு அறுவை சிகிச்சை தேவையா என்று கேளுங்கள்.