‘மீட்’ என்ற சொல்லின் தடம் பிடிப்பது எப்படி?

சொல் வரலாறு தேடிப் பழக விரும்புவோருக்கு, இறைச்சி என்று நாம் பொருள்கொள்ளும் ‘மீட்’ என்ற ஆங்கிலச் சொல் நல்ல தொடக்கமாகும். பழைய ஆங்கிலத்தில் ‘மெட்டெ’ என வழங்கிய அச்சொல், மனிதர் உண்ணும் சோற்றுக்கும் மாடு குதிரைகள் தின்னும் தீவனத்துக்கும் பொதுவாக இருந்தது.

முதலில், இன்றைய பொருளை மறந்துவிட்டு, காலவரிசையில் மேற்கோள் தரும் அகராதியைத் திறக்க வேண்டும். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்போர்டு அகராதி அத்தகையது.

அதைவிடப் பயனுள்ளது, பழைய மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிப்பது. கோலாலம்பூரில் கிறிஸ்தவத் திருமறையான பைபிள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கிடைப்பது அரிதன்று. 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், விலங்குகளுக்குக் கொடுக்கப்பட்ட பசும்பூண்டும் ‘மீட்’தான், தமிழில் அவ்விடத்தில் ‘ஆகாரம்’ என்றிருக்கிறது. லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தின் ‘மீட்’ காணிக்கையோ மாவும் எண்ணெயும் சேர்ந்தது, துண்டு இறைச்சிகூட அதில் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘போஜனபலி’ என்று எழுதி நம்மைக் குழப்பத்திலிருந்து காப்பாற்றிவிட்டார்.

பிறகு கூட்டுச்சொற்களைத் துழாவ வேண்டும், ஏனெனில் தனிச்சொல் இழந்த பொருள் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்: ‘ஸ்வீட்மீட்’ மிட்டாய் வகை, ‘கிரீன்மீட்’ பசுந்தீவனம். உறவுமொழியையும் பார்க்கலாம், சுவீடிய மொழியில் ‘மாட்’ இன்றும் உணவுதான்.

ஓர் எச்சரிக்கை. இறைச்சி என்ற குறுகிய பொருள் 1300ஐ ஒட்டியே தென்பட்டாலும், பழைய பொருள் 1611இலும் உயிருடன் இருந்ததை மேலே கண்டோம். ஆகவே பொருள் மாறியதாக ஒற்றை ஆண்டைக் குறித்துவைப்பது தவறு.

இதே முறையைக் ‘கறி’யில் செய்துபாருங்கள். பட்டினப்பாலையின் ‘கருங்கறி மூடை’ மிளகு மூட்டை. தமிழகத்துக் கறிக்கடையில் விற்பது இறைச்சி. மரக்கறி என்பது காய்கறி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி வாழையிலைச் சாப்பாட்டில் சோற்றின் மேல் ஊற்றப்படும் மீன் கறியோ குழம்பு.