கேங்ஸ்டர் படம் எடுக்கிறீர்களா? இருட்டிலும் சத்தத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதி முகம் நிழலில் மூழ்கிய தாதா, சுழலும் புகை, நனைந்த தெருவில் ஸ்லோ மோஷன் நடை, காதைக் கிழிக்கும் துப்பாக்கி. கேங்ஸ்டர் குறும்படம் எடுக்க இறங்கும் எவரும் முதல் நாளே எழுதி வைக்கும் பட்டியல் இது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1930களிலிருந்து இந்த வகைப் படங்கள் சேர்த்து வைத்த சொத்து அது. ஒவ்வொன்றும் பார்வையாளரிடமிருந்து எதையோ மறைக்கவோ, எதையோ தள்ளிப்போடவோ வந்தது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்தால் படம் நகலாகத் தெரியும். அதோடு தொழில்நுட்பப் பிழைகளும் சேர்ந்துகொள்ளும்.

இருட்டு என்பது குறைந்த எக்ஸ்போஷர் அல்ல

அதிகம் நடக்கும் தவறு இதுதான். அறை முழுக்க வெளிச்சம் சீராகப் பரவியிருக்க, கேமராவில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்துவிட்டு ‘மூடு வந்துவிட்டது’ என்று நினைப்பார்கள். வருவது சாம்பல் பூசிய மங்கல். கிரேடிங்கில், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு சரிசெய்யும்போது, அதைத் தூக்கப் போனால் நிழல் பகுதி முழுக்க நாய்ஸ் எனும் புள்ளிகள் நெளியும்.

நிழல் மேலோங்கும் லோ-கீ லைட்டிங் என்பது விகிதக் கணக்கு. முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 3 ஸ்டாப் வித்தியாசம், அதாவது 8:1, இருக்கும்போதுதான் இந்த வகைப் படத்துக்கான முகம் கிடைக்கும். 4 ஸ்டாப் போனால், அதாவது 16:1, நிழல் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) விட்டு நகராதீர்கள். முதன்மை விளக்கான கீ லைட்டைப் பக்கவாட்டில் வைத்து, முகத்தின் வெளிச்சப் பக்கம் வழக்கமான அளவைவிட ஒரு ஸ்டாப் குறைவாக வரும்படி பாருங்கள். எதிர்ப்பக்கம் நிழலை நிரப்பும் ஃபில் லைட் வேண்டாம். கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் ஒரே ஒரு விளக்கைப் போட்டாலும் ஒளி சுவர்களில் பட்டுத் திரும்பி நிழலை நிரப்பிவிடும். ‘ஒரு லைட்தானே போட்டேன், ஏன் சீரியல் மாதிரி இருக்கிறது?’ என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் அந்தச் சுவரில் இருக்கிறது.

இன்னொன்று: கறுப்பு கறுப்பாகத் தெரிய ஃப்ரேமுக்குள் ஒரு பிரகாசப் புள்ளி வேண்டும். மேஜை விளக்கு, ஜன்னல் கீற்று, கண்ணாடித் தம்ளரின் ஓரப் பளபளப்பு, ஏதாவது ஒன்று. அது இல்லாத இருட்டு, பார்ப்பவர்களைத் திரையின் பிரைட்னஸைக் கூட்ட வைக்கும்.

‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து ஒளியை இறக்கி மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலுக்குள் விட்டார். பிராண்டோவின் ஒப்பனைக்குப் பொருந்தும் வெளிச்சத்தைத் தேடியபோது வந்து சேர்ந்த முறை அது. இன்று எல்லோரும் அந்த மேல்விளக்கை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே, படத்தின் தொடக்கத்தில் வரும் கல்யாணத்தை விட்டுவிடுகிறார்கள். வெளியே கண் கூசும் வெயிலில் ஆட்டமும் பாட்டும், உள்ளே அடைத்த அறையில் பேரம். படம் இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போவதால்தான் அந்த அறை அத்தனை இருட்டாகத் தெரிகிறது. முழுப் படத்தையும் இருட்டிலேயே எடுத்தால் சிறிது நேரத்தில் கண் பழகிவிடும். பிறகு அதற்கு ஒரு அர்த்தமும் மிஞ்சாது.

மேல்விளக்கை உச்சந்தலைக்கு நேராகக் கட்டினால் நெற்றியும் மூக்கும் மட்டும் எரியும், மற்றதெல்லாம் குழியாகிவிடும். நடிகருக்குச் சற்று முன்னால் நகர்த்துங்கள். விளக்கைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புத் துணியைப் பாவாடை போலக் கட்டி, ஒளி சுவரில் சிந்தாமல் தடுங்கள். மேஜையில் விரித்த வெள்ளைத் துணியோ காகிதமோ கீழிருந்து மெல்லிய ஒளியைத் திருப்பி அனுப்பும். கண் கொஞ்சம் தெரிய வேண்டுமா, சுத்தமாகத் தெரியக் கூடாதா என்பதை அந்தத் துணியின் நிறத்தை மாற்றியே முடிவு செய்யலாம்.

ஜன்னல் பட்டை நிழலும் புகையும்

சுவரில் விழும் பட்டைப் பட்டையான நிழலுக்கு ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய எல்இடி பேனலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பெரிய ஒளிமூலம் நிழலின் விளிம்பைக் கரைத்துவிடும். ஒளியைப் பரப்பும் டிஃப்யூஷன் திரை எதுவும் இல்லாத சிறிய, கடினமான விளக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அது ஜன்னலிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். பட்டைகள் சுவருக்கு நெருங்க நெருங்க நிழல் கூர்மையாகும். இரண்டாவது விளக்கு எதேச்சையாக அந்த ஜன்னல் வழியே விழுந்தாலும் நிழல் இரட்டையாகிக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

புகைக்குப் பின்னாலிருந்து ஒளி வந்தால்தான் கற்றை தெரியும். முன்னாலிருந்து அடித்தால் காட்சி முழுக்க வெள்ளைத் திரை விழுந்து கான்ட்ராஸ்ட் செத்துப்போகும். எடிட்டர்கள் நொந்துகொள்வது வேறு விஷயத்துக்கு: ஒரு ஷாட்டில் மூட்டம், அடுத்த ஷாட்டில் துடைத்துவிட்ட மாதிரி தெளிவு. மெல்லிய புகை மூட்டம் தரும் ஹேஸ் மெஷினை ஓடவிட்டு, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, கதவைச் சாத்தி, புகை சமமாகப் பரவும்வரை பொறுத்திருந்து ஷாட் எடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் மானிட்டரில் முந்தைய ஷாட்டோடு ஒப்பிட ஒருவரை நிறுத்துங்கள். சிகரெட்டின் நீளத்தையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். இடைவேளைகளில் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுவது கட்டாயம்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று. கும்பல் முழுவதையும் கறுப்பில் நிறுத்தினால் இருட்டான பின்னணியில் தலைகள் மட்டும் மிதக்கும். அடர் நீலம், கரிச் சாம்பல், கருஞ்சிவப்பு என்று பிரித்து, தோளில் மெல்லிய பேக் லைட் கொடுங்கள். வெள்ளைச் சட்டை லோ-கீ காட்சியில் முகத்தைவிடப் பளிச்சென்று எரியும். தேயிலைச் சாயத்தில் ஒரு முறை முக்கி எடுத்தால் அடங்கிவிடும்.

கேமரா எப்போது குனிய வேண்டும்

கீழிருந்து மேல் நோக்கும் லோ ஆங்கிள் அதிகாரத்தைக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே முதல் காட்சியில் டீ குடிக்கும்போதும் லோ ஆங்கிள். இந்த வகைக் கதை எழுச்சியும் வீழ்ச்சியும் கொண்டது. ஆள் ஒன்றுமில்லாமல் இருக்கும்போது கேமரா கண் மட்டத்திலோ சற்று மேலேயோ இருந்தால்தான், அவன் முதல் முறை நாற்காலியில் உட்காரும்போது கேமரா இடுப்பு உயரத்துக்கு இறங்குவது உறைக்கும். அப்போதும் 18 அல்லது 24 எம்எம் லென்ஸை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். தாடை பெருத்துத் தலை சிறுத்துக் கேலிச்சித்திரமாகிவிடும். 35 அல்லது 40 எம்எம் போட்டுப் பின்னால் நகர்வது பாதுகாப்பு.

ஸ்லோ மோஷனை எடிட்டில் முடிவு செய்தால், விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்ததை இழுக்க வேண்டிவரும், நடை திக்கும். 48 ஃப்ரேமே நடைக்குப் போதும். 120க்குப் போனால் கம்பீரம் போய் விளம்பரப் படச் சாயல் வந்துவிடும் என்பது எங்கள் கருத்து. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஆகவே 48 ஃப்ரேமில் ஷட்டரை 1/100 விநாடியில், அதாவது 172.8 டிகிரியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120, அதாவது 144 டிகிரி. 120 ஃப்ரேமில் இந்தச் சமாளிப்பு நடக்காது, ஃப்ளிக்கர் இல்லாத விளக்குதான் வழி. தெருவிளக்கும் கடைப் பலகை விளக்கும் ஃப்ரேமில் இருந்தால் முதலில் சோதனை ஷாட் எடுத்துப் பாருங்கள்.

வெட்டில்லாத நீண்ட ஷாட்டும் இப்படித்தான். ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) படத்தில் நாயகன் காதலியைப் பின்வாசல் வழியாக, சமையலறையைத் தாண்டி இரவு விடுதிக்குள் அழைத்துப்போகும் சுமார் 3 நிமிட ஸ்டெடிகேம் (கேமராவை உடலில் கட்டி ஆடாமல் நகர்த்தும் கருவி) ஷாட்டைப் பலர் அப்படியே செய்து பார்க்கிறார்கள். அங்கே எல்லாக் கதவும் அவனுக்காகத் திறக்கிறது, கடைசியில் மேஜையே தூக்கிவந்து போடப்படுகிறது. அவள் மயங்குவது நமக்கும் நடக்கிறது. வெறும் நடைபாதையில் ஒருவன் முதுகைத் துரத்திக்கொண்டு போவதற்கு அந்த உழைப்பு வீண்.

துப்பாக்கி

படப்பிடிப்பில் பிளாங்க் தோட்டா வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. குண்டு இல்லாவிட்டாலும் குழலிலிருந்து வரும் வாயுவும் துகளும் அருகில் இருப்பவரைக் கொல்லக்கூடும். சுடாத பொம்மைத் துப்பாக்கி போதும். அதையும் பொது இடத்தில் எடுப்பதற்கு முன் காவல் துறையிடம் எழுத்துமூலம் தெரிவித்து அனுமதி பெறுங்கள்.

தீப்பொறியைப் பிறகு சேர்க்கும்போது நடக்கும் பிழைகள் மூன்று. பொறி நான்கைந்து ஃப்ரேம் நீடிக்கும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். பொறி தெறிக்கும், ஆனால் கையிலும் முகத்திலும் சுவரிலும் வெளிச்சம் மாறாது. அந்த ஒரு ஃப்ரேமில் அவையும் ஒளிர வேண்டும். மூன்றாவது நடிகரின் பொறுப்பு: மணிக்கட்டும் தோளும் உதைபடவில்லை என்றால் கணினியில் சேர்க்கும் எந்த விஎஃப்எக்ஸும் காப்பாற்றாது.

தோட்டாக் கணக்கைப் பார்வையாளர்கள் எண்ணுகிறார்கள். பெரும்பாலான ரிவால்வரில் 6. சுட்டவுடன் வெற்றுக் கூடுகள் தரையில் சிதறாது, உருளைக்குள்ளேயே இருக்கும். தானியங்கிப் பிஸ்டலில் கடைசித் தோட்டா போனதும் மேல் ஸ்லைடு பின்னால் நின்றுவிடும்; ஆகவே காலித் துப்பாக்கியை ‘க்ளிக், க்ளிக்’ என்று அழுத்தும் காட்சி பெரும்பாலான பிஸ்டல்களுக்குப் பொருந்தாது. மிரட்டும்போது ஸ்லைடை ஒருமுறை இழுத்தாயிற்று என்றால் மறுபடி இழுக்கும்போது சுடாத தோட்டா வெளியே விழ வேண்டும். பழைய காலக் கதையில் வரும் தாம்ஸன் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 700 தோட்டா வேகத்தில் சுடும். 50 தோட்டா கொண்ட வட்ட மேகசின் நாலரை விநாடிக்குள் தீர்ந்துவிடும். இருபது விநாடி இடைவிடாத சரமாரி என்பது எடிட்டரின் கற்பனைதான்.

சத்தம்

ஒரே ஒரு லைப்ரரி ஒலியை எல்லா இடத்திலும் போடுவது காதுக்கு உடனே தெரியும். வெடியின் கூரிய முனை, நெஞ்சில் இடிக்கும் கீழ்ஸ்தாயி, துப்பாக்கியின் உலோக அசைவு, இடத்தின் எதிரொலி என்று நாலு அடுக்காகக் கட்டுங்கள். முதல் மூன்றும் அப்படியே இருக்கலாம், எதிரொலி இடத்துக்கு இடம் மாறியே ஆக வேண்டும். சின்ன அறையில் அது அரை விநாடிக்குள் அடங்கும். கட்டடங்கள் சூழ்ந்த தெருவில் உருண்டு ஓடும். 100 மீட்டர் தள்ளிச் சுட்டால் ஒலி வந்துசேர 0.3 விநாடி ஆகும், 24 ஃப்ரேமில் ஏறக்குறைய 7 ஃப்ரேம். தூரத்து ஷாட்டில் அந்தத் தாமதத்தைக் கொடுத்துப் பாருங்கள், தெரு சட்டென்று பெரிதாகும்.

சைலன்சரின் ‘புஸ்’ ஒலி சினிமா மரபு. நிஜத்தில் சுமார் 160 டெசிபல் சத்தத்தை 20 முதல் 35 டெசிபல் வரைதான் அது குறைக்கும். பக்கத்து அறைக்குக் கேட்கத்தான் செய்யும். மரபைப் பின்பற்றலாம். மற்றதெல்லாம் யதார்த்தமாகப் போகும் படத்தில் அது மட்டும் துருத்தும், அவ்வளவுதான். மண் சாலையில் டயர் கிறீச்சிடுவதும் இந்த வகைதான்.

வெடி சத்தமாகக் கேட்கவில்லை என்றால் வெடியைக் கூட்டாதீர்கள். அதற்கு முன் இருப்பதைக் குறையுங்கள். பேச்சு மைனஸ் 27 லஃப்ஸ் (LUFS, ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் வெடிக்கு மேலே நிறைய இடம் இருக்கும். பேச்சையும் பின்னணி இசையையும் அமுக்கித் தூக்கி மைனஸ் 16க்குக் கொண்டுவந்தால் வெடி எங்கே போய் முட்டும்? சுடுவதற்கு முந்தைய இரண்டு விநாடியில் இசையையும் தெரு இரைச்சலையும் வடித்துவிடுங்கள்.

அதே ‘காட்ஃபாதர்’ படத்தின் உணவகக் காட்சி இதற்குப் பாடம். தாதாவின் மகன் மைக்கேல் எதிரியையும் போலீஸ்காரரையும் சுடப்போகும் நேரத்தில் இசை கிடையாது. கண்ணில் படாத ரயிலின் கிறீச்சொலியை ஒலிக் கலைஞர் வால்டர் மர்ச் ஏற்றிக்கொண்டே போகிறார். மைக்கேலின் முகத்தில் ஒன்றும் நடக்காதபோது அவன் தலைக்குள் நடப்பது அந்த ஒலியில் கேட்கிறது. சுட்டு முடித்துத் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் இசை வருகிறது. இன்றைய குறும்படங்களில் அந்த இடத்தில் இசை முன்னாலேயே வந்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. வெடிக்குப் பின் காதில் ‘ஙொய்ங்’ என்ற ஒலியும் தேய்ந்துபோயிற்று. படத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

தணிந்து பேசும் தாதாவும் பழைய மரபு. இதில் கெடுவது ஒலிப்பதிவு. மெல்லிய குரலை ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கில் பிடித்து, பிறகு கூட்டினால் ஃபிரிட்ஜும் ஏசியும் சேர்ந்து எழும். கம்பில் கட்டிய பூம் மைக்கை வாயிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இறக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் ஒலியை, எடுங்கள். டப்பிங்கில் குரலைத் தடிமனாக்கி அந்தத் தணிவைக் கெடுக்காதீர்கள்.

பாடல் போடுவதானால் கதை நடக்கும் ஆண்டுக்குப் பிறகு வெளியான பாட்டு உள்ளே வரக் கூடாது. ‘குட்ஃபெல்லாஸ்’ படத்துக்கு அதன் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி வைத்துக்கொண்ட விதி அது. பழைய பாட்டு என்பதால் இலவசம் ஆகிவிடாது. பாட்டின் இசை, வரிகளுக்கான உரிமை ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை வேறொன்று. இரண்டும் எழுத்தில் கையில் வந்த பிறகே எடிட்டில் பூட்டுங்கள். தற்காலிகமாகப் போட்ட பாட்டின் தாளத்துக்குக் காட்சியை வெட்டிவிட்டு, கடைசி வாரத்தில் உரிமை கிடைக்காமல் போனால் மாற்றுப் பாட்டு அந்த வெட்டுகளில் உட்காரவே உட்காராது.