தொட்டித் தக்காளி மஞ்சளாகிறதா? உரம் போடுவதற்கு முன் பி.எச் பாருங்கள்

தொட்டியில் தக்காளி வளர்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். நட்டு ஒரு மாதம் வரை செடி தளதளவென்று வரும், அப்புறம் திடீரென்று உச்சித் தளிர் மட்டும் வெளிறிப்போகும். இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நரம்புகள் பச்சைக் கோலம் போட்டதுபோல் அப்படியே இருக்கும், நடுவிலுள்ள சதைப்பகுதி மட்டும் மஞ்சளாக இருக்கும். உடனே நமக்குத் தோன்றுவது "சத்து போதவில்லை" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உரத்தைக் கூட்டினேன், தளிர் இன்னும் வெளுத்தது, மறுபடியும் கூட்டினேன், இலை ஓரமெல்லாம் கருகியது. கடைசியில் மண்ணை அளந்து பார்த்தபோது பி.எச் 7.9. இரும்புச்சத்து மண்ணில் இல்லாமல் இல்லை, செடியால் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அளக்காமல் ஒரு கரண்டி உரம்கூடப் போடுவதில்லை.

பி.எச் என்பது மண் அமிலமா காரமா என்று சொல்லும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒன்றை மனதில் வையுங்கள்: ஒரு எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம். 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு இல்லை, நூறு மடங்கு. தக்காளிக்கு 6.0 முதல் 6.8 வரை இருந்தால் நிம்மதி. 7-ஐத் தாண்டத் தாண்ட இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் எல்லாம் கரையாத வடிவத்துக்குப் போய்விடும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். 5.5-க்குக் கீழே போனாலும் சிக்கல்தான், அங்கே கால்சியமும் மெக்னீசியமும் பற்றாமல் போகும், மணிச்சத்து இந்தமுறை இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும்.

படி 1: கலவையைச் சரியாகத் தொடங்குங்கள்

ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி வேண்டும். இதைவிடச் சின்னதாக இருந்தால் சத்தும் சரி, ஈரமும் சரி, பி.எச்-சும் சரி, இரண்டு நாளில் தாறுமாறாகும். நான் கலப்பது: தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு, கூடவே வடிகாலுக்குக் கொஞ்சம் பெர்லைட் (பொரியவைத்த லேசான வெள்ளைக் கல்) அல்லது பருமணல். நார்த்தூளை மட்டும் முதலில் இரண்டு மூன்று முறை நன்றாக அலசிவிடுங்கள், அதிலுள்ள உப்பு அப்போதுதான் போகும். இன்னொன்று, நார்த்தூள் நாம் தரும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சாம்பல் சத்தை (பொட்டாசியம்) வெளியே விடும் குணம் கொண்டது, அதனால் கால்சியத்தைத் தொடக்கத்திலிருந்தே கவனிக்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று அளக்காமல் சுண்ணாம்பு சேர்க்காதீர்கள்.

படி 2: அளப்பது

மண்ணில் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பி மீட்டரை நம்பாதீர்கள், ஈரம் மாறினாலே அதன் முள் மாறும். பேனா போன்ற டிஜிட்டல் மீட்டர் நல்லது, அது இல்லாவிட்டால் பி.எச் தாளும் போதும், அரை எண் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும்.

மேல்மண்ணை விலக்கிவிட்டு வேர் இருக்கும் ஆழத்திலிருந்து, தொட்டியின் மூன்று நான்கு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு டம்ளரில் ஒரு பங்கு மண், இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் குணமும் சேர்ந்து அளவைக் கெடுக்கும். நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள், நடுவில் இன்னொரு தடவை கிளறிவிடுங்கள். வண்டல் அடியில் இறங்கி மேலே தேநீர் நிறத்தில் தெளிவு நிற்கும், மீட்டரை அந்தத் தெளிவில் நனையும்படி வைத்து எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். என் மீட்டரில் இதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டு முதலில் காட்டும் எண்ணை எழுதிவிடாதீர்கள்.

மீட்டரை மாதத்துக்கு ஒரு முறையாவது பி.எச் 4, பி.எச் 7 என்று குறித்து விற்கும் திரவங்களில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது, அதற்கென்று விற்கும் சேமிப்புத் திரவத்தில்தான் வைக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் குமிழ் பாழாகும்.

படி 3: தண்ணீரைக் கவனியுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம் இதுதான். மண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் தொட்டியில் பி.எச்-ஐ மெல்ல மெல்ல மேலே தள்ளுவது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர். கடினநீரில் பைகார்பனேட் என்ற, காரத்தன்மை தரும் பொருள் கரைந்திருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரை ஊற்றுவது தினமும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போடுவதற்குச் சமம். நிலத்தில் வேர் ஆழமாகப் போகும், மண்ணின் அளவும் பெரியது, தாங்கிக்கொள்ளும். 15 லிட்டர் கலவை எவ்வளவு நாள் தாங்கும்? நட்டபோது 6.4 இருந்தது காய்க்கும் சமயத்தில் 7.5-க்கு மேல் போய் நிற்பது இப்படித்தான்.

தண்ணீரின் பி.எச்-ஐ மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். 7.5 காட்டும் தண்ணீரில் பைகார்பனேட் குறைவாக இருந்தால் அதனால் பெரிய பாதிப்பு இல்லை. அதே 7.5 காட்டும் இன்னொரு தண்ணீரில் அது நிறைய இருந்தால் மண்ணே மாறிவிடும். வீட்டில் பார்க்க எளிய அடையாளம்: தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியிலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதா? படிந்தால் உங்கள் தண்ணீர் அந்த வகைதான்.

அதற்குச் செய்ய வேண்டியது சுலபம். ஒரு வாளித் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, 6 முதல் 6.5-க்குள் வந்ததும் நிறுத்துங்கள். எத்தனை சிட்டிகை என்று குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை அளக்க வேண்டிய வேலையே குறையும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

படி 4: பி.எச்-ஐத் திருத்துவது

குறைவாக இருந்தால் டோலமைட் தூள், இது ஒருவகைச் சுண்ணாம்புக்கல். இதில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன. 20 லிட்டர் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கி, மேல்மண்ணில் கிளறிவிட்டு, மூன்று நான்கு வாரம் பொறுங்கள். மரச்சாம்பலும் ஏற்றும், ஆனால் வேகமாக ஏற்றும், கை தவறினால் திரும்ப இறக்குவது கடினம். முட்டை ஓடு பெயருக்குத்தான், மாவாக அரைத்தால் ஒழிய இந்தப் பருவத்துக்குள் கரையாது. ஜிப்சம் கால்சியம் தரும், பி.எச்-ஐ மாற்றாது.

அதிகமாக இருந்தால் கந்தகத் தூள். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்ற வேண்டும், அதற்குச் சூடும் ஈரமும் நேரமும் தேவை. 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: ஒரு கரண்டி மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு கந்தகம் போட்டாலும் அது விழுங்கிவிடும், கலவையை மாற்றுவதுதான் வழி.

படி 5: உரம்

முதல் மூன்று வாரம் கலவையில் உள்ளதே போதும். அப்புறம் வாரம் ஒரு முறை, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் (எண்கள் வரிசையாகத் தழைச்சத்து அதாவது நைட்ரஜன், மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றின் சதவீதம்) லிட்டருக்கு 1 கிராம், செடி பெரிதானதும் 2 கிராம். பூ கட்டத் தொடங்கியதும் சாம்பல் சத்து கூடுதலாகத் தேவை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் 13:0:45 கொடுக்கலாம், அதே அளவுதான். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம், தனியாக வேறொரு நாளில். மற்ற உரங்களோடு ஒரே பாத்திரத்தில் கெட்டியாகக் கரைத்தால் பாஸ்பேட்டும் சல்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும், காசு கொடுத்து வாங்கிய சத்து வீணாகும். காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரம்.

உரமே பி.எச்-ஐ மாற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அம்மோனியம் வகை இறக்கும், நைட்ரேட் வகை ஏற்றும். காரத்தோடு போராடுபவர்களுக்கு அம்மோனியம் சல்பேட் கொஞ்சம் கைகொடுக்கும்.

படி 6: இலை சொல்வதைப் படிப்பது

முதல் கேள்வி, மஞ்சள் மேலேயா கீழேயா? தழைச்சத்து, மெக்னீசியம், சாம்பல் சத்து மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்கு அனுப்பிவிடும், அதனால் அவை குறைந்தால் அடி இலைதான் முதலில் வாடும். முழு இலையும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக நின்று இடையில் மஞ்சளானால் மெக்னீசியம், லிட்டருக்கு 4 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். ஓரம் கருகினால் சாம்பல் சத்து, அல்லது உப்பு கூடிவிட்டது.

இரும்பு அப்படி நகராது. அதனால்தான் நான் முதலில் சொன்ன காட்சியில் தளிர் வெளுத்தது. இதற்கு இரும்பு கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) வாங்கும்போது வகையைப் பாருங்கள், ஈ.டி.டி.ஏ (EDTA) வகை காரமண்ணில் நிற்காது, ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) வகை பி.எச் 9 வரைகூடத் தாங்கும். அது கொடுத்தாலும் தண்ணீரைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு வாரத்தில் பழைய நிலைதான்.

காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் கால்சியம் போய்ச்சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் காரணம். ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

படி 7: உப்பு ஏறினால்

மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு, இலை நுனியில் கருகல், தண்ணீர் இருந்தும் வாட்டம். தொட்டியின் அளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை, 20 லிட்டர் தொட்டி என்றால் 40 லிட்டரை, ஒரே மூச்சில் இல்லாமல் நாலைந்து தவணையாக ஊற்றி அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் கலவை அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரம் உரம் வேண்டாம். பிறகு பாதி அளவில் தொடங்கி, புதிதாக வரும் இரண்டு இலைகளை மட்டும் பாருங்கள், பழைய இலை கருகியது கருகியதுதான், அது பச்சையாகத் திரும்பாது.