ஒளியால் நிறம் மாறும் மூலக்கூறுகளில் அமிலம் சேரும்போது சறுக்கும் இடங்கள்

ஒளியால் நிறம் மாறும் மூலக்கூறுகளை அமிலத்தோடு சோதிக்கும்போது, நிறம் மாறியதுமே அதை ஒளியின் கணக்கில் எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. அத்தகைய மூலக்கூறான ஸ்பைரோபைரானை எடுத்துக்கொள்வோம். மூடிய வடிவத்தில் அதற்கு நிறமில்லை. 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டதும் அதன் அணு வளையம் ஒன்று திறந்து, மெரோசயனின் என்ற திறந்த வடிவம் ஆகிறது. கரைசல் ஊதாவாகவோ நீலமாகவோ மாறுகிறது. இப்போது துளி அமிலம் விட்டால் மெரோசயனினின் ஆக்சிஜன் ஒரு புரோட்டானை (அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனியை) பிடித்துக்கொள்ளும். ஊதா மறைந்து வெளிர் மஞ்சள் வரும். அதைப் பார்த்து 'வளையம் மூடிவிட்டது' என்று குறித்துக்கொள்பவர்கள் பலர். மூடவே இல்லை! திறந்த வடிவம்தான் புரோட்டானோடு நிற்கிறது. அது உறிஞ்சும் ஒளி மட்டும் 400 நானோமீட்டரை ஒட்டி நகர்ந்துவிட்டது. போதாததற்கு, சில ஸ்பைரோபைரான்கள் வலுவான அமிலத்தில் இருட்டிலேயே மெல்லத் திறந்துகொள்ளும். அதனால் அதே அளவு அமிலம் விட்ட இன்னொரு குப்பியை இருட்டில் வைத்து ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரே அலைநீளத்தில் மட்டும் அளப்பதும் ஏமாற்றும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் முழு நிறமாலையையும் பாருங்கள்.

அந்த மஞ்சள் வடிவத்தை மூட நீல ஒளி வேண்டும். ஒளி பட்டதும் அது புரோட்டானைக் கைவிட்டு மூடிக்கொள்ளும், கரைசலின் அமிலத்தன்மை கூடும். ஆக, பிஹெச்சைத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்துவிட்டு அதுவே கடைசிவரை இருக்கும் என்று நம்புவதும் தவறுதான். பிஹெச் அதிகம் மாறாமல் தாங்கிப்பிடிக்கும் பஃபர் கரைசல் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும்.

கரைப்பானையும் சந்தேகப்படுங்கள். குளோரோஃபார்ம் ஒளியும் காற்றும் பட்டுச் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடைத் தரும். நாம் அமிலமே சேர்க்காதபோதும் உள்ளே அமிலம் இருக்கும். அப்புறம், டொலுயீன் போன்ற கரைப்பானில் பிஹெச் மீட்டரை நுழைத்துக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. அங்கே மூலக்கூறுக்கு எத்தனை மடங்கு அமிலம் சேர்த்தோம் என்று மோல் கணக்கில் எழுதுவதே சரி.

ஒளியால் வடிவம் மாறும் இன்னொரு குடும்பமான அசோபென்சீன் வகைகளில் சிக்கல் வேறு. நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் புரோட்டான் ஏறினால் அந்தப் பிணைப்பு தளர்கிறது. ஒளியால் உண்டான சிஸ் (வளைந்த) வடிவம் மிக வேகமாகப் பழைய டிரான்ஸ் (நீண்ட) வடிவத்துக்குத் திரும்பிவிடும். விளக்கை அணைத்துவிட்டு நிதானமாக நிறமாலைமானிக்கு எடுத்துப் போனால் எதுவும் தெரியாது. 'இது ஒளிக்கு வேலை செய்யவில்லை' என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிட வேண்டாம். விளக்கு எரியும்போதே அளந்து பாருங்கள்.

கடைசியாக, காரம் சேர்த்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்ற எண்ணம். அமிலமும் காரமும் சேர்க்கும் ஒவ்வொரு சுற்றிலும் கரைசலில் உப்பு சேர்கிறது, கரைசலும் நீர்த்துப்போகிறது. நீரில் மெரோசயனின் மெதுவாக நீராற்பகுப்படைந்து (நீரோடு வினைபுரிந்து) உடையவும் செய்யும். அந்த இழப்பு எந்த ஒளியாலும் திரும்பாது. நிறம் ஒவ்வொரு சுற்றிலும் மங்கினால், புதிய கரைசலை எடுத்து ஒளியே காட்டாமல் அமிலமும் காரமும் மட்டும் மாறிமாறிச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் மங்கினால் பழி ஒளிமீது மட்டும் இல்லை.