இங்கிலாந்துக் கால்பந்தின் தலைசிறந்தவர்கள்: வரிசை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1988 ஏப்ரல் 9 அன்று, சவுத்தாம்ப்டனின் தொடக்கப் பதினொருவரில் முதல்முறையாக இடம்பெற்ற பதினேழு வயது ஆலன் ஷியரர், ஆர்சனலுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். அன்று இங்கிலாந்தின் உச்ச லீக்காக இருந்த முதல் பிரிவில் மிக இளம் வயதில் ஹாட்ரிக் அடித்தவர் என்று ஜிம்மி கிரீவ்ஸ் முப்பது ஆண்டுகளாக வைத்திருந்த பெருமை அன்று கைமாறியது. ஆனால் இன்று ஷியரரை ‘எல்லாக் காலத்துக்குமான கோல் மன்னர்’ என்று கொண்டாடும் பட்டியல்களில் அந்த மூன்று கோல்களுக்கும் இடமில்லை, அந்தச் சாதனையை அதுவரை வைத்திருந்த கிரீவ்ஸுக்கும் இடமில்லை. காரணம், அப்பட்டியல்கள் 1992இல்தான் தொடங்குகின்றன.

முதலில் திருத்த வேண்டிய தவறு இதுவே. பிரிமியர் லீக் 1992ஆம் ஆண்டு புதிய பெயரோடும் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தோடும் பிறந்தது உண்மை. ஆனால் அதில் இறங்கிய 22 அணிகளும் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. 1888இல் பன்னிரண்டு அணிகளோடு தொடங்கி, முதல் பருவத்திலேயே பிரெஸ்டன் நார்த் எண்ட் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற அதே போட்டியின் தொடர்ச்சிதான் அது. ஷியரர் பிரிமியர் லீக்கில் அடித்தவை 260 கோல்கள். அதற்கு முன் சவுத்தாம்ப்டனுக்காக அடித்த 23ஐயும் சேர்த்தால் 283 ஆகிறது. செல்சி, டாட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம் ஆகிய மூன்று அணிகளுக்காக முதல் பிரிவில் கிரீவ்ஸ் அடித்தவை 357. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த லீக் தொலைக்காட்சி வழியாகத்தான் அறிமுகமானது என்பதால், நாம் பார்க்கத் தொடங்கிய நாளையே ஆட்டத்தின் பிறந்தநாளாக எண்ணிக்கொள்வது இயல்புதான். பிரிமியர் லீக் காலத்தை மட்டும் வரிசைப்படுத்துவதிலும் குற்றமில்லை. அப்போது தலைப்பில் ‘வரலாற்றிலேயே’ என்ற சொல்லைப் போடாமல் இருந்தால் போதும்.

பழைய காலத்தையும் சேர்த்துக்கொள்வது என்று முடிவானதும், எண்களை அப்படியே அருகருகே வைக்கும் தவறு காத்திருக்கிறது. எவர்ட்டன் அணியின் டிக்சி டீன் 1927-28 பருவத்தில் 60 கோல்கள் அடித்தார். மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 2022-23இல் 36 அடித்தார். 60 பெரிதா, 36 பெரிதா என்று கேட்பவருக்கு விடை சொல்லும் முன், 1925இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவரை, பந்து தன்னை நோக்கி அனுப்பப்படும் நேரத்தில் முன்னே நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தால்தான் அவர் ஆஃப்சைடிலிருந்து தப்ப முடியும். அந்த ஆண்டு அது இருவராகக் குறைக்கப்பட்டது. அதே 462 ஆட்டங்கள் கொண்ட முதல் பிரிவில் 1924-25இல் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த பருவத்திலேயே அது 1,703 ஆகத் தாவியது. தடுப்பாட்டக்காரர்கள் புதிய விதிக்குப் பழகித் தேறுவதற்குள் அறுவடை செய்தவர்களுள் முதல்வர் டீன்.

அப்படியானால் டீனைக் கீழே இறக்கிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அந்தப் பருவத்தில் பட்டம் வென்ற எவர்ட்டன் 42 ஆட்டங்களில் மொத்தம் 102 கோல்கள் அடித்தது, அவற்றில் 60 ஒரே மனிதருடையவை. அதாவது நூற்றுக்கு ஐம்பத்தொன்பது. 2022-23இல் சிட்டி அடித்த 94இல் ஹாலண்டின் பங்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. மேலும், அதற்கு முந்தைய பருவத்தில் இரண்டாம் பிரிவில் ஜார்ஜ் கேம்செல் அடித்த 59ஐத் தாண்ட, ஆர்சனலுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் டீனுக்கு மூன்று கோல்கள் தேவைப்பட்டன. அன்று அணி 3-3 என்று சமன் செய்தது. எவர்ட்டன் அடித்த மூன்றும் டீனுடையவை. விதி எல்லாருக்கும் பொதுவாகத்தான் மாறியது, ஆனால் அறுபது அடித்தவர் ஒருவர்தான். ஒருவரை அவர் காலத்துச் சக ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த இடைவெளியைப் பிற காலத்து இடைவெளிகளோடு ஒப்பிடுவதே நியாயமான வழி என்று நான் கருதுகிறேன். இதே கணக்கு இன்னொரு வேடிக்கையையும் காட்டுகிறது: ஹாலண்ட் 36 அடித்த அதே பருவத்தில், எட்டாவது இடத்தில் முடிந்த டாட்டன்ஹாமின் 70 கோல்களில் 30ஐ ஹாரி கேன் அடித்திருந்தார். பங்கு என்று பார்த்தால் கேன் அடித்ததே அதிகம்.

கேனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘டாட்டன்ஹாமில் அவர் கோப்பை எதுவும் வெல்லவில்லையே’ என்ற பேச்சு வந்துவிடும். பட்டங்களை எண்ணி ஆட்டக்காரரை அளப்பதுதான் நான் காணும் தவறுகளிலேயே மிக ஆழமாக வேரூன்றியது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸ் 13 லீக் பட்டங்கள் பெற்றார். கிரீவ்ஸ், ஸ்டான்லி மேத்யூஸ், டாம் ஃபின்னி, ஸ்டீவன் ஜெரார்ட் ஆகிய நால்வருக்கும் சேர்த்து இங்கிலாந்தில் ஒரு லீக் பட்டம்கூட இல்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பினால், கிக்ஸின் அணியில் மாற்று வீரராக உட்கார்ந்திருந்தவர்கள்கூட இந்த நால்வருக்கும் மேலே போய்விடுவார்கள்.

ஃபின்னியின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குழாய் வேலையைத் தொழிலாகக் கற்று, அதையும் செய்துகொண்டே பிரெஸ்டன் என்ற ஒரே அணிக்காக 433 லீக் ஆட்டங்கள் ஆடி 187 கோல்கள் அடித்தவர் அவர். ‘அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏன் பெரிய அணிக்குப் போகவில்லை’ என்று இன்றைய வாசகர் கேட்பார். அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரின் பதிவைக் கழகமே தன் கையில் வைத்துக்கொள்ள முடியும், கழகம் விடாவிட்டால் அவர் வேறு எங்கும் ஆட முடியாது. 1952இல் இத்தாலியின் பலேர்மோ அணி பெருந்தொகையும் வீடும் காரும் தருவதாக ஃபின்னியை அழைத்தபோது, பிரெஸ்டன் நிர்வாகம் மறுத்துவிட்டது. கதை அங்கேயே முடிந்தது. உள்நாட்டில் அணி மாறினாலும் கையில் கிடைப்பது ஏறாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, 1961இல் அது நீக்கப்பட்டபோதுகூட வாரத்துக்கு 20 பவுண்டுதான். ஃபின்னி அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார், அவர் இல்லாத முதல் பருவத்திலேயே பிரெஸ்டன் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 1952-53இல் அவருக்குப் பட்டம் கைக்கெட்டும் தூரம் வரை வந்தது. ஆர்சனலும் பிரெஸ்டனும் 54 புள்ளிகளில் நின்றன. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துப் பார்க்கும் அன்றைய முறைப்படி ஆர்சனலுக்கு 1.516, பிரெஸ்டனுக்கு 1.417. அந்தப் பின்னத்தை வைத்தா ஒரு மனிதரின் தகுதியை முடிவு செய்வது?

இது இங்கிலாந்து லீக் ஆட்டத்துக்கான வரிசை என்பதால், வேறிடத்துப் புகழை இங்கே கொண்டுவந்து கொட்டுவதும் தவறே. கிறிஸ்டியானோ ரொனால்டோவின் கணக்கில் இங்கே சேர வேண்டியது மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக அவர் அடித்த 103 பிரிமியர் லீக் கோல்கள் மட்டும்தான், மாட்ரிட்டில் அடித்தவை அல்ல. 2005இல் லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஜெரார்டின் இஸ்தான்புல் இரவுக்கும் பாபி மூரின் 1966 உலகக் கோப்பைக்கும் வேறு பட்டியல்கள் இருக்கின்றன.

நான் முதன்முதலில் எழுதிப் பார்த்த இருபது பேர் பட்டியலில் ஒரு கோல்கீப்பர்கூட இல்லை என்பதை முடித்த பிறகே கவனித்தேன். கோலுக்குக் கணக்கு உண்டு, தடுத்ததற்கு எளிய கணக்கு இல்லை என்பதால் இப்படி நடக்கிறது. லிவர்பூல் 1978-79இல் 42 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் பதினாறே, கோலைக் காத்தவர் ரே கிளெமென்ஸ். செல்சி 2004-05இல் 38 ஆட்டங்களில் 15 மட்டுமே வாங்கியது, அங்கே இருந்தவர் பீட்டர் செக். இவர்களை ஒப்பிடும்போதும், 1992 வரை தன் அணியினர் காலால் தள்ளிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிவகுத்த கடைசிப் பாஸ், அதன் கணக்கிலும் இதே சிக்கல்தான். பிரிமியர் லீக்குக்கு முன் அதிகாரபூர்வமான அசிஸ்ட் பதிவு கிடையாது. ஆகவே கெவின் டி ப்ரய்ன 2019-20 பருவத்தில் தந்த 20 அசிஸ்ட் என்ற எண்ணை வைத்துக்கொண்டு, 1950களில் ஃபுல்ஹாமுக்காக ஆடிய ஜானி ஹெய்ன்ஸை வென்றுவிட முடியாது, ஏனெனில் அவருக்கு எதிரே எழுத எண்ணே இல்லை.

உச்சத்தை எடைபோடுவதா, நீடித்த காலத்தை எடைபோடுவதா என்பதை வரிசை போடத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. லூயிஸ் சுவாரஸ் 2013-14இல் 33 ஆட்டங்களில் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 31 கோல்கள் அடித்துவிட்டு, அந்தப் பருவம் முடிந்ததுமே லீக்கை விட்டுப் போய்விட்டார். மேத்யூஸோ, 1965 பிப்ரவரியில் ஐம்பது வயதும் ஐந்து நாட்களும் நிறைந்த நிலையில் ஸ்டோக் சிட்டிக்காக முதல் பிரிவில் களமிறங்கினார். மியூனிக் விமான விபத்தில் படுகாயமடைந்து 21 வயதில் இறந்த டங்கன் எட்வர்ட்ஸுக்கு நீடிப்பு என்ற அளவுகோலே பொருந்தாது. நான் உச்சத்துக்கே முதலிடம் தருகிறேன், ஆனால் ஒரு பருவ உச்சத்தை ஏற்பதில்லை, குறைந்தது ஐந்து பருவங்களாவது கேட்கிறேன். அந்தக் கணக்கில், ஆறு முறை முதல் பிரிவின் மிகுதியான கோல் அடித்தவராக முடிந்த கிரீவ்ஸ், முன்கள ஆட்டக்காரர்களுள் முதலில் நிற்கிறார். ஹாலண்டின் பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், அவர் ஆடி முடிக்கும்வரை எண் போடுவதாக இல்லை.