நுண்கடனைக் கூத்துக் களரிக்குக் கொண்டுவருவது எப்படி

இங்கே கிழக்கிலங்கையில், கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடன் பற்றிக் கூட்டம் என்று அறிவித்தால் வருகிறவர்கள் கொஞ்சம், வாய் திறப்பவர்கள் அதிலும் கொஞ்சம். மத்தளச் சத்தம் கேட்டால், கூத்தாடும் வட்டமான களரிக்கு ஊரே வரும். ஆனால் ஊர் வந்து, சிரித்து, கலைந்து போவதால் கடனெடுத்த பெண்ணுக்கு ஒரு சதம்கூடக் குறையாது. அதனால் 35 நிமிடம் ஆட்டம், 40 நிமிடம் பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குத்தான் நேரம் கூட. மணல் அகழ்வு, மேய்ச்சல் தரை, வாவியோரக் குப்பை எதற்கும் இதே முறை செல்லும். இங்கே நுண்கடனை எடுத்துக்கொள்வோம்.

பாட்டு எழுதுமுன் கோரிக்கையை எழுதி முடியுங்கள். யார், எதை, எந்தத் திகதிக்குள் செய்ய வேண்டும் என்று ஒரே வசனத்தில் வர வேண்டும். "நுண்கடன் ஒழிக" என்பதை யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. "கட்டிய தொகை, மிச்சம், வட்டி மூன்றையும் காட்டும் கணக்கைக் கடன் கொடுத்த நிறுவனம் 14 நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் தமிழில் எழுத்தில் தர வேண்டும்" என்பதைக் கொடுக்கலாம். ஒரு களரிக்கு ஒரு கோரிக்கை போதும். மூன்று வைத்தால் சனம் ஒன்றும் நினைவில் இல்லாமல் வீட்டுக்குப் போகும்.

அடுத்தது கணக்கு. 50,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 24%, 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும் என்று வைப்போம். மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192. இதில் மறைந்திருப்பது என்னவென்றால், 26ஆம் கிழமையில் முதல் தொகையில் பாதி கட்டியாகிவிட்டது, வட்டி மட்டும் இன்னும் முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மிச்சத்தின் மேல் கணக்குப் பார்த்தால் அதே கடனின் வட்டி சுமார் 44%. இதை வசனமாக விளக்கினால் கொட்டாவி வரும். பாட்டில் வைத்தால் பிள்ளைகள் அடுத்த நாள் பாடித் திரிவார்கள்:

அம்பதைக் கையில் தந்தார் – தோழி
அறுபத்தி ரண்டு கேட்டார்
வட்டி இருபத்து நாலாம் – தோழி
வாயாலே சொன்ன பேச்சு

நாற்பத்து நாலு என்பதைப் பாட்டில் சொல்லாதீர்கள். கூத்தை அறிமுகம் செய்து நடத்தும் கட்டியகாரன் அதைச் சபையிடம் கேட்கட்டும். யாராவது ஒருவர் விடை சொல்லும்வரை மத்தளம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கட்டும்.

மெட்டுக்கு, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் போங்கள். எழுதிய வரிகளைக் கொண்டுபோய் "இதற்குத் தாளம் போடுங்கள்" என்று நிற்கக்கூடாது. கதையைச் சொல்லி, எந்தத் தரு (கூத்துப் பாட்டு) பொருந்தும், எதைத் தொடக்கூடாது என்று அவரிடமே கேளுங்கள். கூத்தில் தென்மோடி, வடமோடி என்று இரண்டு பாணி. பொதுவாகப் புலம்பலுக்குத் தென்மோடியின் இழுத்துப் பாடும் மெட்டுகள் இசையும். தவணை அறவிட வருகிறவரின் வரவுக்கு வடமோடி அரச வரவுத் தாளத்தைப் போட்டுப் பாருங்கள்: தலையில் தகர முடி, கையில் பைல் கட்டு, போர்க்கள ஆட்டம். ஒரு சொல் பேசுமுன்பே சபை சிரிக்கும். கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்களின் மெட்டையும் சடங்குப் பறையின் அடிகளையும் எடுக்கவே வேண்டாம். அவை ஊருக்கு வழிபாடு. பிரசாரத்துக்கு எடுத்தால், உங்கள் பக்கம் நிற்க வேண்டிய தாய்மாரே எதிராக எழும்புவார்கள்.

பறைமேளம் சேர்க்க விரும்பினால் ஒரு விசயத்தில் கவனம். பறைக் கலைஞர்களைச் சாவீட்டுக்கு அழைப்பதுபோல் கடைசி நாளில் அழைத்து, ஓரத்தில் நிறுத்தி, காசை நீட்டி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அநீதிக்கு எதிரான நிகழ்வு அப்படித் தொடங்கினால் பார்ப்பவர்கள் கவனிக்கத்தான் செய்வார்கள். முதல் ஒத்திகைக்கே கூப்பிடுங்கள், மத்தளக்காரருக்கு என்ன கொடுப்பனவோ அதையே கொடுங்கள், அறிவித்தலில் பெயரைப் போடுங்கள், அதே பாயில் தேநீர் கொடுங்கள்.

முழுக் கூத்துக்குச் சட்டம் கொடுத்து (பாத்திரங்களைப் பங்கிட்டு ஆளாளுக்குப் பாட்டைக் கொடுத்து) அரங்கேற்றம் வரை மாதக்கணக்காகும். 35 நிமிடத் துண்டுக்கு, ஆடத் தெரிந்தவர்கள் இருந்தால், கிழமைக்கு மூன்று மாலையாக ஆறு கிழமை வேண்டும். நாலு பாத்திரம் போதும்: கட்டியகாரன், கடனெடுத்தவள், கடன் குழுவின் தலைவி, அறவிடுபவர். குழுத் தலைவியைக் கெட்டவளாக்கிவிடாதீர்கள். கூட்டுப் பொறுப்பு என்று ஒருத்தியின் தவணைக்காக மற்றவர்களை அவள் வாசலில் உட்கார வைப்பது கடன் முறை. தலைவியும் அதற்குள் அகப்பட்டவள்.

இதில் அடிக்கடி நடக்கும் கேடு, பாத்திரம் அடையாளம் காணப்படுவது. "மூத்தவள் ஏ.எல். படிக்கிறாள், கணவர் கட்டாரில், வீட்டுக்கு முன்னால் புளியமரம்" என்று மூன்று விபரம் போதும், முழு ஊரும் ஒரு வீட்டைத் திரும்பிப் பார்க்கும். கேட்டறிந்த கதைகளைக் கலந்து, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, கடன் தொகை மூன்றையும் மாற்றுங்கள். எழுதியதைக் கதை சொன்ன பெண்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் வெட்டச் சொல்வதை வெட்டுங்கள். அறவிடுபவருக்கும் உண்மையான நிறுவனத்தின் சேட்டு நிறம், மோட்டார் சைக்கிள் இலக்கம் வேண்டாம். அவரும் சம்பளத்துக்கு ஓடும் ஊர்ப் பொடியன்தான், அவதூறு வழக்கு வேறு வரும்.

மேடை கட்டாதீர்கள். மேடைக்கு முன் கதிரை போட்டால் முதல் வரிசை அதிகாரிகளுக்குப் போய்விடும். வட்டக்களரியில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள், பின்னால் வரும் பேச்சுக்கு அதுவே வசதி. நடுவில் முளை அடித்து 10 அடிக் கயிற்றால் வட்டம் கீறிச் சாம்பல் தூவுங்கள். ஆறு அங்குலம் உயர்த்த வேண்டுமானால் ஏறத்தாழ ஒன்றரை கியூப் (150 கன அடி) மண் பிடிக்கும். நிலம் மேடாக இருந்தால் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினால் போதும். கடற்கரை மணல் சரிவராது: கால் புதையும், சதங்கை கேட்காது. எதிரெதிராக 4 அடி அகல வழி இரண்டு விட்டு, மூன்று வரிசை பாய் போட்டால் 150 பேர் இருக்கலாம். அந்த அளவுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பிற்பாட்டுக்கு நாலு நல்ல தொண்டை இருந்தால் சரி.

பின்னணிக்குச் சீலை ஓவியம் கட்டுவதானால் ஆடுபவர்களுக்குப் பின்னால் கட்டாதீர்கள், வட்டத்தில் பாதிப்பேருக்கு மறைக்கும். வரும் வழியில் கட்டுங்கள். வெள்ளைச் சீலைக்கு முதலில் சமபங்கு தண்ணீர் கலந்த எமல்சன் ஒரு பூச்சு, காய்ந்த பிறகே நிறம். இல்லாவிட்டால் ஊறிப் பரவும். 30 அடியில் வாசிக்க எழுத்து 6 அங்குலமாவது வேண்டும். தடித்த தூரிகையால் ண, ஞ எழுதினால் சுழி அடைபட்டு வெறும் பொட்டாகிவிடும்.

நாள் பார்க்கும்போது மாரி மழை, பெருநாள், வைகாசிச் சடங்கு, பரீட்சைக் காலம் நான்கையும் தள்ளுங்கள். பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனி நல்லது. பின்னேரம் 4.30க்குத் தொடங்கினால் வெளிச்சச் செலவில்லை, பெண்கள் இருட்டுமுன் வீடு போகலாம். அம்பாறைக் கரையோரத்தில், கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம், முஸ்லிம் ஊர்களையும் சேர்ப்பதானால் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்கு முன் மேளம் ஓய வேண்டும். அங்கே கூத்தைக் கொண்டுபோய் இறக்குவதைவிட, கவி பாடத் தெரிந்த உம்மாமாரிடம் கடனைப் பற்றி நாலு கவி கேளுங்கள். றபான் மேளமும் களிகம்பு ஆட்டமும் அவர்களிடமே இருக்கின்றன.

அனுமதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். காணிக்குரிய கோயில் நிருவாகம் அல்லது பிரதேச சபையிடம் எழுத்து அனுமதி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல், ஒலிபெருக்கி வைத்தால் பொலிஸ் அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது. பறை அடித்து ஊர்வலமாக வருவதானால் குறைந்தது 6 மணித்தியாலம் முன்னதாகப் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும் கிடைத்ததாக முத்திரை வாங்குங்கள். சிவில் உடையில் யாராவது வந்து விபரம் கேட்டால் பதில் சொல்ல இரண்டு பேரை முன்கூட்டியே நியமியுங்கள், மற்றவர்கள் அவர்களைக் கைகாட்டட்டும். வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் என்று ஒன்றை எழுதவே வேண்டாம்; இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது. தொந்தரவு தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் பேச்சாளரை எழுப்பினால் சனம் பாயைச் சுருட்டும். கட்டியகாரனே களரியில் நின்று, அறவிடுபவர் வாசலில் நிற்கும் இடத்தை மறுபடி ஆடச் சொல்லட்டும். "இந்த இடத்தில் அவள் என்ன கேட்டிருக்கலாம்?" என்று சபையை நோக்கிக் கேட்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் யாரும் அசைய மாட்டார்கள், பொறுங்கள். ஆம்பிளைகள் முந்திக்கொண்டால், முதல் மூன்று பேரும் பெண்கள் என்பது களரிச் சட்டம் என்று பகிடியாகச் சொல்லித் தடுத்துவிடலாம். யாரையும் தன் சொந்தக் கடனைச் சொல்லச் சொல்லக்கூடாது. பாத்திரத்தின் கடனைப் பற்றித்தான் பேச்சு.

150 பேருக்கு இஞ்சி போட்ட வெறுந்தேநீர் 18 லீற்றர் வேண்டும்: தேயிலை 375 கிராம், சீனி ஒன்றரை கிலோ. தேநீரைப் பேச்சுக்கு நடுவில் கொடுங்கள், முடிவில் வைத்தால் பாதிப்பேர் குடிக்காமல் போய்விடுவார்கள். தேநீருக்குப் பக்கத்தில், களரியிலிருந்து பார்வை படாத இடத்தில் ஒரு மேசை. கணக்குத் தெரிந்த இருவர், கல்குலேட்டர், கணக்கு விபரம் கோரும் கடிதத்தின் அச்சுப் பிரதி 50. பெயரும் கையொப்பமும் அவரவரே போட்டு, கடிதத்தை அவரவரே கொண்டுபோகட்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்று கேட்க மத்திய வங்கியின் 1935 இலக்கத்தைக் கடிதத்தின் அடியிலேயே அச்சிடுங்கள். 14 நாள் கழித்து, அதே இடத்தில் மத்தளமில்லாமல் ஒரு சந்திப்பு வையுங்கள். பதில் வந்தவர்களும் வராதவர்களும் கடிதத்துடன் வரட்டும். அந்தத் திகதியை முதல்நாளே கட்டியகாரன் வாயால் மூன்று தரம் சொல்ல வைத்துவிடுங்கள்.